அறபு எழுத்தின் முன்னே மூன்று பேர்

எங்கட சமூகத்தில் 'அறபுக் கலாசாரம்' என்ற சொல் இரண்டு விதமாகப் புழங்குகிறது. ஒரு சாராருக்கு அது வசை. கறுப்பு அபாயாவும் வீதி நடுவே நட்ட பேரீச்ச மரமும் கடைப் பலகையில் ஏறிய அறபெழுத்தும் அடுத்தடுத்து வந்தபோது, அறபுக் கலாசாரம் உள்ளே வந்துவிட்டது, எங்கட பழைய வழக்கமெல்லாம் போச்சு என்று அவர்கள் கவலைப்பட்டார்கள். மற்றச் சாராருக்கு அது மார்க்கத்தின் மறுபெயர். அறபியில் இருப்பதெல்லாம் தூய்மையானது, அறபி செய்வதெல்லாம் ஏறக்குறைய சுன்னத்து. இரண்டு சாராரும் மேடைகளிலும் பத்திரிகைகளிலும் பல வருடமாக அடிபட்டுக்கொண்டாலும் ஒரு விடயத்தில் அவர்களுக்குள் பூரண உடன்பாடு உண்டு. அறபு என்றால் வளைகுடா. அறபுக் கலாசாரம் என்றால் உடுப்பும் சாப்பாடும். பக்தாதில் ஓவியம் தீட்டுகிறவர்களும் கார்த்தூமில் கோட்டுச்சித்திரம் வரைகிறவர்களும் பெய்ரூத்தில் கவிதை எழுதுகிற பெண்களும் இந்த வாதத்தின் எந்தப் பக்கத்திலும் கணக்கில் வருவதில்லை.

2019 ஏப்ரலுக்குப் பிறகு இது வெறும் வாதமாக இருக்கவில்லை. அலிபு எழுதிய கடதாசியே பயத்துக்குரியதாகிப் போனது. பெயர்ப்பலகைகளில் அறபெழுத்தின் மேல் சாயம் பூசினார்கள். வீட்டில் வாப்பாமார் விட்டுப்போன கிதாபுகளை என்ன செய்வதென்று தெரியாமல் திகைத்தவர்களை எனக்கு நேரில் தெரியும். அதில் இருந்தது பிக்ஹா, இலக்கணமா, பழைய பைத்துத் தொகுப்பா என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. எழுத்தைத் தெரிந்தவர்கள், வாசிக்கத் தெரிந்தவர்கள், ஆனால் தங்கள் வீட்டு அலுமாரியில் இருப்பது என்னவென்று ஒரு பொலிஸ்காரருக்கு விளக்க ஏலாதவர்கள். அந்தக் கையறு நிலைதான் இதை எழுதத் தூண்டியது. ஒரு மொழியை இத்தனை நூற்றாண்டு நாவில் வைத்திருந்தும் அதன் உயிருள்ள பண்பாட்டோடு எங்களுக்கு இவ்வளவு தூரம் ஏன் என்ற கேள்வி.

2025 கோடையில் மூன்று கிழமை பாரிஸில் தங்கை வீட்டில் தங்க நேர்ந்தது. அந்த நாட்களில் நான்கு தடவை அறபுலக நிறுவகத்துக்குப் போனேன். மொழி வகுப்பையும் கலைக் கண்காட்சியையும் நூலகத்தையும் நூதனசாலையையும் ஒரே கூரையின் கீழ் வைத்து, அறபுப் பண்பாட்டை அந்நியருக்கு அறிமுகப்படுத்துவதற்கென்றே எழுப்பிய கட்டடம் அது. அதைப் பற்றிய பயணக் குறிப்பு அல்ல இது. அங்கே என்ன நடக்கிறது, அதில் எங்களுக்கு என்ன இருக்கிறது, எது ஒட்டாது என்று பார்ப்பதே நோக்கம்.

முதலில் கட்டடத்தின் கதை. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிந்திய காலத்தில் பிரான்சுக்கு அறபு நாடுகளோடு நல்லுறவு தேவைப்பட்டது. எண்ணம் அப்போது பிறந்தது. 1980இல் பிரான்சும் 18 அறபு நாடுகளும் உடன்படிக்கை செய்தன. 1987 நவம்பரில் ஸேன் நதிக்கரையில் நிறுவகம் திறக்கப்பட்டது. செலவை அறபு நாடுகளும் பகிர்வதாக ஏற்பாடு. பல நாடுகள் ஒழுங்காகக் கொடுக்கவில்லை, சுமையின் பெரும்பகுதி பிரான்சின் தலையில் விழுந்தது. ஆகவே அங்கே அறபுலகம் தன்னைப் பற்றித் தானே பேசுகிறது என்று எண்ணிவிடக் கூடாது. பிரான்சு ஏற்பாடு செய்த மேடையில் பேசுகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டே உள்ளே போக வேண்டும்.

கட்டடக் கலைஞர் ஜோன் நூவெலும் அவரோடு சேர்ந்தவர்களும் தெற்குச் சுவர் முழுவதையும் கண்ணாடியாக்கி, அதில் 240 உலோகச் சதுரங்களைப் பதித்திருக்கிறார்கள். ஒவ்வொரு சதுரத்திலும் கமெராவின் கண் போல விரிந்து சுருங்கும் துவாரங்கள். வெயில் கூடினால் மூடும், குறைந்தால் திறக்கும். அறபு வீடுகளின் மஷ்ரபிய்யா என்ற மரச் சல்லடை ஜன்னலைத்தான் அவர்கள் இயந்திரமாக மாற்றினார்கள். 1989இல் ஆகா கான் கட்டடக் கலை விருதும் கிடைத்தது. பொறி பல வருடம் ஒழுங்காக வேலை செய்யாமல் கிடந்து, 2017இல்தான் முழுமையாகத் திருத்தினார்கள். நான் குறை சொல்ல விரும்புவது பொறியை அல்ல. மஷ்ரபிய்யாவின் வேலை, உள்ளே இருக்கிறவர் தெருவைப் பார்க்க, தெருவில் போகிறவர் உள்ளே பார்க்காதிருக்கச் செய்வது. அது வீட்டுக்காரருக்கான ஏற்பாடு. இங்கே வெளியிலிருந்து வந்தவர்கள் உள்ளே ஏறி நின்று அதை ரசிக்கிறார்கள். உருவம் அப்படியே இருக்கிறது, பார்வையின் திசை மாறிவிட்டது. அழகில்லை என்று சொல்ல மாட்டேன். மாலை வெயிலில் அந்த நிழல்கள் தரையில் விழும்போது நானே நடக்காமல் நின்றுவிட்டேன்.

வகுப்புகளுக்கு வருவோம். பிரான்சில் அறபு படிப்பது நேற்றுத் தொடங்கியதல்ல. பாரிஸின் அரசர் கல்லூரியில் 1587 முதலே அறபுக்கு ஆசனம் இருந்தது. புரட்சிக் காலத்தில், 1795இல், கீழைத்தேய மொழிகளுக்கென்று தனிப் பாடசாலையே தொடங்கினார்கள். அது அறிஞருக்கும் தூதுவருக்கும் வியாபாரிக்கும் உரிய அறபு. இன்று அதே நகரத்தில் அல்ஜீரியாவிலிருந்தும் மொரோக்கோவிலிருந்தும் வந்த தொழிலாளரின் பேரப்பிள்ளைகள் இலட்சக்கணக்கில் இருக்கிறார்கள். ஆனால் அரச பாடசாலைகளில் அறபு படிக்கிற பிள்ளைகள் மிகச் சொற்பம். வசதியுள்ளவர் கல்லூரியில் படிக்கும் அறபு கௌரவம், தொழிலாளியின் பிள்ளை பேசும் அறபு சந்தேகம். இந்த இரட்டை மனப்பான்மைக்கு நடுவேதான் நிறுவகத்தின் வகுப்புகள் நடக்கின்றன. சிறுவருக்கும் வளர்ந்தோருக்கும் தனித்தனி. 2019இல், ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் உள்ளது போல, ஐரோப்பிய மொழித் தரவரிசைக்கு அமைய அறபுக்கும் ஒரு சர்வதேசத் தேர்ச்சிச் சான்றிதழை அறிமுகப்படுத்தினார்கள். மார்க்கப் படிப்போடு சம்பந்தப்படுத்தாமல், ஸ்பானிஷ் போல ஜேர்மன் போல ஒரு வாழும் மொழியாக அறபை நிறுத்தும் முயற்சி அது. சும்மா ஒரு கடதாசி என்று தள்ளிவிட ஏலாது.

கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில் ஒரு திறந்த தளம் உண்டு, நோத்ர தாம் தேவாலயம் தெரியும். அங்கே ஒரு பெண்ணோடு பேச்சுக் கிடைத்தது. முப்பது வயதிருக்கும், ஆஸ்பத்திரியில் தாதி. பாட்டனார் காலத்தில் அல்ஜீரியாவிலிருந்து வந்த குடும்பம். எனக்குப் பிரெஞ்சு தெரியாது, மருமகன் இடையில் நின்றான். தன் வெல்லும்மாவோடு பேச வேண்டும் என்பதற்காகவே வகுப்பில் சேர்ந்ததாகச் சொன்னார். ஆறு மாதம் படித்துவிட்டு டெலிபோனில் பேசினால் கிழவி சிரிக்கிறாராம்: என்ன மகள், செய்தி வாசிக்கிறியா?

இது வகுப்பின் பிழையல்ல. அறபு மொழியின் ஆதிக் கோணல். எழுதும் அறபு ஒன்று, சந்தையிலும் அடுப்படியிலும் பேசும் அறபு இன்னொன்று. அந்தப் பேச்சு அறபும் அல்ஜியேர்ஸில் ஒரு விதம், கெய்ரோவில் ஒரு விதம், திமிஷ்கில் ஒரு விதம். தமிழில் எழுத்து வேறு பேச்சு வேறு என்று வாழ்கிற எங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. அந்தத் தாதியின் நிலையை நினைத்துக்கொண்டு வரும்போதுதான் எங்கட நிலை இன்னும் விசித்திரமாகப் பட்டது. அவருக்குத் தேவை அடுப்படி அறபு, கிடைத்தது ஏட்டு அறபு. எங்களிடம் இருப்பது மூன்றாவது ஒன்று, ஓதும் அறபு. அதில் பேசவும் முடியாது, பத்திரிகை வாசிக்கவும் முடியாது. ஆனால் உச்சரிப்பில் ஒரு ழாதை ஸாதாக்கினால் லெப்பை அடி போடுவார். மத்ரஸாவில் ஏழு வருடம் ஓதி வெளியே வருகிறவருக்கு ஏட்டு அறபும் ஓரளவு கிடைக்கிறது. அதுவும் பெரும்பாலும் இலக்கணத்துக்கும் பிக்ஹுக்கும் வழிவிடும் அறபு. மஹ்மூத் தர்வீஷையோ நஜீப் மஹ்பூஸையோ அறபியிலேயே வாசித்து முடித்த மௌலவிமார் எங்களுக்குள் எத்தனை பேர்? இருக்கிறார்கள், எனக்கே இரண்டு பேரைத் தெரியும். அவர்கள் அதைத் தாங்களாகத் தேடிப் படித்தவர்கள்.

கீழே கண்காட்சி மண்டபத்தில் அப்போது காஸா. 'காஸாவிலிருந்து காப்பாற்றப்பட்ட பொக்கிஷங்கள்: 5000 வருட வரலாறு' என்பது தலைப்பு. ஏறக்குறைய 130 பொருட்கள். சாடிகள், எண்ணெய் விளக்குகள், சிறு சிலைகள், அபூ பரக்கேயில் கிடைத்த பைஸாந்தியக் காலத்துப் பெரிய மொசெயிக் தரை. இந்தப் பொருட்கள் தப்பிய விதம்தான் அந்தக் கண்காட்சியின் நெஞ்சு. 2007இல் இவை ஜெனீவாவில் ஒரு கண்காட்சிக்காகப் போயிருந்தன. முடிந்ததும் காஸாவில் கட்டவிருந்த நூதனசாலைக்குத் திரும்ப வேண்டியவை. முற்றுகை வந்தது, திரும்ப முடியவில்லை. பதினெட்டு வருடம் பெட்டிகளுக்குள் ஜெனீவாவில் கிடந்தன. வீட்டுக்குப் போகவிடாமல் தடுத்ததனால் உயிர் தப்பின. வீட்டிலிருந்தவை என்ன ஆயின என்பதை மண்டபத்தின் இன்னொரு பகுதி புகைப்படங்களாகக் காட்டியது.

அந்த மண்டபத்தில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. வெளியே வந்த பிறகு எனக்குக் கோபம் வந்தது, அது பொருட்களின் மேல் அல்ல, 'பொக்கிஷம்' என்ற சொல்லின் மேல். இந்த நிறுவகத்துக்கு அந்தச் சொல்லில் ஒரு பிரியம். 2017இல் ஆபிரிக்க இஸ்லாத்தைப் பற்றிய கண்காட்சிக்கும் பொக்கிஷங்கள் என்றே பெயர் வைத்தார்கள். பொக்கிஷம் என்றவுடன் உடையவன் செத்துப் போய்விட்ட மாதிரி ஒரு தொனி. தோண்டி எடுத்தவன், கண்ணாடிப் பெட்டி செய்தவன், பார்க்க வந்தவன் எல்லாரும் இருப்பார்கள், உடையவன் இருக்க மாட்டான். காஸாவின் உடையவர்கள் அந்த மாதங்களில் மாவுக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். 

ஆனாலும் அந்தக் கண்காட்சி செய்த ஒரு நல்ல வேலையைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல. காஸாவை இடிபாடாக மட்டும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, கப்பல் வந்து போன ஒரு துறைமுகப் பட்டினமாக, கிரேக்கரும் உரோமரும் கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் வாழ்ந்து கொடுத்து வாங்கிய ஊராக அதைக் காட்டியது. இலங்கையில் நாங்கள் பின்பற்றும் மத்ஹபின் இமாம், ஷாஃபிஈ அவர்கள், ஹிஜ்ரி 150இல் பிறந்த ஊர் காஸா. எங்கட பிள்ளைகள் வுழூவின் பர்ளு ஆறு என்று அந்த இமாமின் சொல்லைத்தான் மனனம் செய்கிறார்கள். அவர் பிறந்த தெரு எப்படிப்பட்ட ஊரின் தெரு என்று எந்த மத்ரஸாவிலும் சொல்லித் தந்ததாக நினைவில்லை. அதே ஊரின் மண்ணுக்குள் கிரேக்கப் பெண் தெய்வத்தின் சிலையும் தேவாலயத் தரையும் கிடந்தன என்றால் எங்களில் சிலருக்கு மனம் கூசும். கூசட்டும். அறபுக் கலாசாரம் என்பது அதையும் சேர்த்ததுதான்.

இனி நான் முக்கியமாகப் பேச வந்த இடம், எழுத்தோவியங்கள்.

2018இல் ஒரு சேகரிப்பாளர் தம்பதி 1300க்கும் மேற்பட்ட நவீன அறபு ஓவியங்களை இந்த நிறுவகத்துக்கு நன்கொடையாகக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அங்கே இருபதாம் நூற்றாண்டு அறபு ஓவியத்துக்கு ஒரு கனதி வந்துவிட்டது. அந்த ஓவியத்தில் ஒரு பெரிய ஓட்டத்துக்கு 'ஹுரூஃபிய்யா' என்று பெயர், எழுத்தியம் என்று சொல்லலாம். அறபெழுத்தை அழகெழுத்தாக எழுதாமல், ஓவியத்தின் எலும்பாக எடுத்துக்கொள்வது. 1949இல் மதீஹா உமர் என்ற ஈராக்கியப் பெண் வாஷிங்டனில் ஒரு நூலகத்தில் காட்சிக்கு வைத்த படங்களிலிருந்து இந்தக் கதையைத் தொடங்குவார்கள். 1971இல் பக்தாதில் ஷாகிர் ஹஸன் அல் ஸயீத் 'ஒற்றைப் பரிமாணம்' என்ற குழுவைக் கூட்டினார். அவருக்கு எழுத்து தியானத்தின் வழி. அழகெழுத்துக்காரர் இதை அழகெழுத்தே அல்ல என்பார், மேற்கத்திய விமர்சகர் இதில் புதுமை என்ன என்பார். இரண்டு பேருக்கும் நடுவில் அறபு ஓவியர்கள் தங்களுக்கென ஒரு வழி வெட்டினார்கள்.

அப்படி ஒரு படத்தின் முன்னே நின்றபோது மருமகன் கேட்டான்: "மாமா, இதில என்ன எழுதிக் கிடக்கு?"

அவன் அங்கேயே பிறந்தவன். கிழமைக்கு இரண்டு நாள் பள்ளியில் குர்ஆன் ஓதி முடித்தவன். எழுத்தைக் கூட்டிப் பார்த்தான். நூன் தெரிந்தது, ஒரு ஹே தெரிந்தது. சொல் வரவில்லை. "வாசிக்க ஏலும் மாமா, விளங்குதில்ல. இது வாசிக்கவும் ஏலாமல் கிடக்கு." பக்கத்தில் ஒரு பிரெஞ்சுக்காரர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அவருக்கு எழுத்தே தெரியாது, அதனால் ஒரு சிக்கலும் இல்லை. கோடு, நிறம், அழகு என்று பார்த்துவிட்டுப் போனார். கொஞ்சம் தள்ளி, தோற்றத்தில் ஷாம் பகுதியார் போல ஒருவர், நிறைய நேரம் நின்று, வாய்க்குள் எதையோ சொல்லிப் பார்த்து, தலையை ஆட்டிச் சிரித்துக்கொண்டார். மூன்று பேருக்கு முன்னால் மூன்று படம். ஒருவருக்கு உருவம் மட்டும். ஒருவருக்கு உருவமும் பொருளும், பொருள் உடைவதும். நடுவில் நின்ற எங்கட பிள்ளைக்கு ஒலி மட்டும், அந்த ஒலியையும் ஓவியர் பறித்துவிட்டார்.

நாங்கள் எல்லோரும் அந்த நடு ஆள்தான் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அந்த நடு இடத்தில் நிற்பது வெறும் குறைதானா?

ஏதெல் அத்னானின் கதை இங்கே உதவும். 1925இல் பெய்ரூத்தில் பிறந்தவர், 2021இல் பாரிஸில் மறைந்தார். 2016இல் இதே நிறுவகம் அவருக்கெனத் தனிக் கண்காட்சி வைத்தது. தாய் ஸ்மிர்னாவின் கிரேக்கக் கிறிஸ்தவர், தந்தை திமிஷ்கைச் சேர்ந்த முஸ்லிம், உதுமானியப் படை அதிகாரி. வீட்டில் துருக்கியும் கிரேக்கமும். பாடசாலை பிரெஞ்சுக் கன்னியாஸ்திரிகளுடையது, அங்கே அறபு பேசினால் தண்டனை. மகளுக்கு அறபு தெரியவேண்டும் என்று தந்தை செய்த வேலை, ஒரு அறபு-துருக்கி இலக்கணப் புத்தகத்தைக் கொடுத்துப் பார்த்தெழுதச் சொன்னது. பொருள் விளங்காமலே பக்கம் பக்கமாக எழுதினார் சிறுமி. விளங்காததை எழுதுவதில் தனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது என்று பின்னாளில் ஒரு கட்டுரையில் சொல்கிறார். 

வளர்ந்து அமெரிக்காவில் தத்துவம் படிப்பித்த காலத்தில் அல்ஜீரிய விடுதலைப் போர் நடந்தது. பிரெஞ்சில் எழுத அவருக்கு மனம் ஒப்பவில்லை. அறபியில் எழுதத் தெரியாது. அப்போதுதான் ஓவியத்துக்குப் போனார், ஓவியத்தையே தன் அறபு என்று கொண்டார். பிறகு நீளமாக மடித்து விரியும் ஜப்பானியக் கொப்பிகளில் தன் காலத்து அறபுக் கவிஞர்களின் கவிதைகளைக் கையால் எழுதி, நீர்வர்ணத்தால் இடையிடையே தீட்டினார். அவருடைய கையெழுத்தைப் பாருங்கள். அழகெழுத்தே அல்ல. மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்து. அந்தக் கோணலில்தான் அதன் அழகு. மொழிக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஒருத்தி, வாசலில் உட்கார்ந்துகொண்டு உள்ளே இருப்பதைக் கையால் தடவிப் பார்ப்பது போல.

எங்கட ஓதப்பள்ளிப் பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறதோ அதே இடத்திலிருந்துதான் அத்னானும் தொடங்கினார். வித்தியாசம், அவர் அங்கே நின்றுவிடவில்லை. அந்த எழுத்தைக் கொண்டு எதையாவது செய்ய வேண்டும் என்ற அரிப்பு அவருக்கு இருந்தது.

இன்னொருவர் இப்றாஹீம் அல் ஸலாஹி. 1930இல் சூடானின் உம்துர்மானில் பிறந்தவர். தந்தை வீட்டிலேயே குர்ஆன் பள்ளி நடத்தினார். மரப்பலகையில் மையால் எழுதி, மனனமானதும் கழுவி, மீண்டும் எழுதும் முறையில்தான் பிள்ளை எழுத்துப் பழகினான். எங்கட ஊர்களிலும் மூத்த தலைமுறைக்குப் பலகை தெரியும். 1954 முதல் 1957 வரை லண்டன் ஸ்லேட் கலைக் கல்லூரியில் படித்துவிட்டு, கற்றதையெல்லாம் கொண்டுவந்து கார்த்தூமில் ஒரு பெரிய ஹொட்டேலில் கண்காட்சி வைத்தார். சனம் தொடக்க நாளுக்கு வந்தது, அதற்குப் பிறகு எட்டிப் பார்க்கவில்லை. அவர் சனத்தை ஏசவில்லை. தூரிகையை வைத்துவிட்டு நாட்டைச் சுற்றினார். மண் வீடுகளின் சுவர்க் கோலங்களையும் பாயின் பின்னலையும் தாயத்துகளையும் பலகை எழுத்துகளையும் பார்த்தார். திரும்பி வந்து படத்தின் மூலையில் சின்னதாக அறபெழுத்து எழுதத் தொடங்கினார். ஆட்கள் கிட்டே வந்து பார்த்தார்கள். எழுத்தைப் பெரிதாக்கினார். பிறகு ஒரு நாள் எழுத்தை உடைத்தார். உடைத்ததும் அதற்குள்ளிருந்து மனித முகங்களும் மிருகங்களும் செடிகளும் வெளியே வந்தன என்று அவரே சொல்லியிருக்கிறார். 

1975இல் அரசாங்கத்துக்கு எதிரான சதியில் பங்கு என்று பொய்க் குற்றம் சுமத்தி, விசாரணையே இல்லாமல் ஆறு மாதம் சிறையில் போட்டார்கள். அவர் அப்போது கலாசார அமைச்சில் உயர் அதிகாரி. கடதாசி வைத்திருந்தால் தண்டனை என்ற சிறையில், கிழிந்த துண்டுகளில் வரைந்து மணலில் புதைத்து வைத்தார். 2013இல் லண்டன் டேட் மொடர்ன் அவருடைய வாழ்நாள் படைப்புகளைப் பெரிய கண்காட்சியாக வைத்தது.

அத்னானையும் ஸலாஹியையும் சும்மா உதாரணத்துக்காக இழுத்துவரவில்லை. அறபெழுத்தை உடைத்துத் தன் வாழ்க்கைக்கு வளைத்துக்கொள்வது எங்களுக்குப் புதிதல்ல என்பதுதான் நான் வர விரும்பிய இடம். அறபுத்தமிழ் என்று நாங்கள் எதைச் சொல்கிறோம்? அறபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக, இருந்த எழுத்துக்கு மேலும் கீழும் புதுப் புள்ளிகள் வைத்து, எங்கட பேச்சை அந்த எழுத்துக்குள் உட்கார வைத்த வேலை. எங்கட வெல்லும்மாமார் அதில் கடிதம் எழுதினார்கள், தாலாட்டும் மாலையும் வாசித்தார்கள். அறபு அவர்களுக்கு ரியாத்திலிருந்து வந்த சரக்காக இருக்கவில்லை, அடுப்படியில் கிடந்த கத்தி மாதிரிக் கைப்பழக்கமான பொருள். 1883இல் எகிப்திலிருந்து ஒராபி பாஷாவைப் பிரித்தானியர் இங்கே நாடுகடத்தியபோதும், கண்டியைச் சேர்ந்த சித்திலெப்பை போன்றவர்கள் அவரைச் சும்மா முஸாபஹா செய்து அனுப்பிவிடவில்லை. அவரோடு இருந்து கல்வியைப் பற்றியும் காலத்தைப் பற்றியும் பேசினார்கள். 1892இல் தொடங்கிய பாடசாலையில், பின்னாளின் ஸாஹிராவில், அந்தப் பேச்சின் பங்கு உண்டு. ஒரு வாழும் அறபியை வாழும் மனிதனாகச் சந்தித்த தலைமுறை அது.

இப்போது எங்கட மீலாத் கண்காட்சிகளைப் பாருங்கள். ரெஜிபோமில் செய்த கஃபா, மினுக்கு ஒட்டிய அல்லாஹ், முஹம்மத், கறுப்பு வெல்வெட்டில் பொன்னிற ஆயத்துல் குர்ஸி. பிள்ளைகளின் உழைப்பை நான் இளக்காரம் செய்யவில்லை. இரவிரவாக இருந்து ஒட்டியிருப்பார்கள். ஆனால் அங்கே எழுத்து அலங்காரமாக மட்டும் இருக்கிறது. அதே பாடசாலையில் அறபு வகுப்பும் நடக்கும், அங்கே எழுத்து இலக்கணமாக மட்டும் இருக்கிறது. வகுப்பும் கண்காட்சியும் ஒரே மதிலுக்குள் இருந்தும் ஒன்றையொன்று பார்த்ததில்லை. பாரிஸ் நிறுவகத்திடமிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று இருக்குமானால் அது உலோக ஜன்னலோ சான்றிதழோ அல்ல. காலையில் ஒரு சொல்லைப் படித்த மாணவி, மாலையில் இறங்கிவந்து அந்தச் சொல்லை ஒருவர் உடைத்து வரைந்திருப்பதைப் பார்க்க முடிகிறது என்பதுதான். இதற்குக் கோடிக்கணக்கில் காசு வேண்டியதில்லை. பத்துப் படத்தின் நல்ல அச்சுப் பிரதி, ஒவ்வொன்றின் கீழும் அதில் வரும் அறபுச் சொல்லும் தமிழ்ப் பொருளும், பக்கத்தில் ஒரு பழைய அறபுத்தமிழ்க் கையெழுத்துப் பிரதி. பிள்ளைகளிடம் கடதாசியும் மையும் கொடுத்து, தன் பெயரின் முதல் எழுத்தை எடுத்து உடைத்துப் பார் என்று சொன்னால் போதும். கொழும்பில் கண்டெடுத்த பத்தாம் நூற்றாண்டுக் கூபி எழுத்து மீஸான் கல்லின் படத்தையும் சேர்க்கலாம். இந்த மண்ணில் அறபெழுத்து எவ்வளவு பழையது என்று பிள்ளைக்கும் தெரியும், வாசலில் வந்து கேட்கிறவருக்கும் சொல்லலாம்.

ஊருக்கு வந்து இதையெல்லாம் ஒரு மௌலவி நண்பரிடம் சொன்னபோது அவர் முகம் சுளித்தார். "எழுத்து சரி, அதுக்குள்ள இருந்து முகமும் மிருகமும் வருதெண்டு சொல்றீங்களே, அது சரிவருமா?" நியாயமான கேள்வி. உருவம் வரைவதில் மார்க்க அறிஞரிடையே உள்ள கருத்து வேறுபாட்டை நான் இந்தக் கட்டுரையில் தீர்த்துவைக்கப் போவதில்லை. குர்ஆன் பள்ளி நடத்தியவரின் மகன், பலகையில் எழுதிப் பழகியவர், ஓவியத்தை இபாதத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பேசுகிறவர் அவர் என்று மட்டும் சொன்னேன். பாரிஸில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஸலாஹியின் கண்காட்சி நூல் மேசையில் கிடந்தது. புரட்டிக்கொண்டே இருந்தார். ஒரு பக்கத்தில் நின்று, ஒரு மூலையில் கிடந்த எழுத்தை விரலால் தொட்டு, "இது லாம் இல்ல, காஃப்" என்றார். பிறகு இரண்டு நாளைக்குக் கொண்டுபோகிறேன் என்று கேட்டு வாங்கிப் போனார். நாலு மாதமாகிறது. இன்னும் திருப்பித் தரவில்லை.